மலையைச் சுற்றி வாங்கிய கார்

என்னிடம் லைசென்ஸ் இருந்தது, கார் இல்லை. என் கணவருக்குக் கார் பைத்தியம் இருந்தது, லைசென்ஸ் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தேரடித் தெருப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தினேன். அந்த லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பு வேலூரில் இருந்தபோது என் அண்ணனோடு கட்டிய பந்தயத்துக்காக எடுத்தது. பந்தயத்தில் ஜெயித்தேன், அதோடு சரி. அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பாச்சை உருண்டை வாசனையோடு படுத்துக் கிடந்தது.

ஒரு நாள் ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்கு வந்தார். ஊரைப் பார்க்கத் திரும்பிப் போகிறாராம். முகவாயை நிமிர்த்திக்கொண்டே, தன் காரை யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், என் கணவருக்குக் கேமராவே மறந்துபோய்விட்டது. அந்த மனிதருக்கு அன்று ஒழுங்கான போட்டோ கிடைக்கவேயில்லை. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நேரே என் பள்ளிக்கு ஓடி வந்தார் இவர். ஆசிரியைகள் அறை வாசலில் நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினார்.

"ஓப்பன் காரு! ரெண்டே சீட்டு! வாய மூடிட்டு சிரிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி!"

சாயங்காலம் போய்ப் பார்த்தோம். ஓலைக் கொட்டகைக்குள் கோழிகளோடு நின்றிருந்தது. காரைப் பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது, அத்தனை தாழ்வு. கதவு என் இடுப்பு உயரம்கூட இல்லை. முன்பக்கம் நீளமாகப் போய் இரண்டு உருண்டை விளக்குகளில் முடிந்தது. கூரை என்று மடித்து வைத்திருந்த கித்தானில் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. பாசி பிடித்த தொட்டி போல ஒரு பச்சை நிறம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காதல், கத்தரிக்காய் என்று சினிமாவில் என்னென்னவோ சொல்கிறார்களே, எனக்கு அது அந்தக் கொட்டகையில்தான் வந்தது. கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார், பாவம். விலையை இங்கே எழுதப் போவதில்லை. என் மாமியாரிடமே சொல்லவில்லை.

வண்டி விஷயம் என்றால் எங்களுக்குப் பாய்தான். லேத்துப் பட்டறை வைத்திருந்தார். என் கணவரின் பள்ளித் தோழர், ஆறடி உயரம், சின்னச் சின்ன விஷயத்துக்கும் குலுங்கிச் சிரிக்கிற மனிதர். காரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், முட்டையை எடுத்துப் பத்திரமாக ஓரமாக வைத்தார்.

"நம்மூர்ல வண்டி வாங்கறதுன்னா ஒரே டெஸ்ட்டுதான் டீச்சரம்மா. மலைய ஒரு சுத்து சுத்தணும். ஏத்தம் இருக்கு, எறக்கம் இருக்கு, குண்டும் குழியும் ஜாஸ்தியாவே இருக்கு. சுத்தி முடிச்சு வந்துட்டா அது நல்ல வண்டி."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மொபெட் வாங்கினாலும் லாரி வாங்கினாலும் மலைச்சுற்றுப் பாதையில் ஒரு வட்டம் அடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நடந்தாலும் சைக்கிளில் போனாலும் மலை வலக்கைப் பக்கம்தான் இருக்கும்.

நான் ஓட்டினேன். பாய் பக்கத்தில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். கணவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். எத்தனையோ வருஷம் கழித்து ஸ்டீரிங்கைப் பிடிக்கிறேன், ஆனால் பயமே வரவில்லை. காற்று நேரே முகத்தில் அடித்தது. கொண்டையிலிருந்து பூ பறந்தது. அடி அண்ணாமலையில் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து வந்து ரோட்டோரம் நின்றார்கள். பாய் எல்லாருக்கும் கையாட்டினார், எம்.எல்.ஏ. மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் கார் மலையை ஒட்டிக்கொண்டு அழகாகத் திரும்பியது. வெள்ளைக்காரர் வீடும் பாதைக்கு வலது பக்கம், கேட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய் நின்றோம்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று அறிவித்துவிட்டுப் பாய் இறங்க முயன்றார். முழங்கால் பிடித்துக்கொண்டதால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை உருவி எடுத்தோம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் யாருக்கும் ரசம் எது மோர் எது என்று தெரியவில்லை. காரை எப்படியெல்லாம் மேம்படுத்துவது என்பதே பேச்சு. சிவப்புப் பெயிண்ட் என்றார் கணவர். மஞ்சள் என்றேன் நான். இரட்டை ஹாரன், அதுவும் பாட்டுப் பாடுகிற ஹாரன் வேண்டும் என்றார். பனிக்கு மஞ்சள் விளக்கு வேண்டும் என்றார். எங்கள் ஊர் வெயிலில் பனிக்கு எங்கே போவது என்று கேட்டேன். மார்கழியில் வரும் என்றார். அகலமான டயர், ரேடியோ, மரத்தில் கடைந்த கியர் குமிழ். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கெட்டி மெத்தை, ஏனென்றால் முன்பக்கத்துக்கு மேல் எனக்கு ரோடு தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. என் நாத்தனார், கல்யாணத்துக்கு நிச்சயமாகியிருந்த பெண், டேஷ்போர்டில் பூச்சாடி வைக்கலாம் என்றாள். என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினார்.

"மொதல்ல அதுக்குக் கூரையப் போடுங்க. அப்புறம் பூவு வெப்பீங்க."

வாங்கிய அன்று முறைப்படி பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்திச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மலையையும் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். பக்கத்தில் கணவர், மடியில் தேங்காய் மூடி. எங்கள் வீடு முனை வீடு. மலைச்சுற்று முடிந்து வடக்கேயிருந்து ஊருக்குள் வருகிற பெரிய ரோட்டில், இடது பக்கம் பிரியும் முதல் தெரு. முனையில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். நான் பெருமையாகக் கையைக் காட்டிவிட்டு ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

இம்மியளவு திரும்பியது. அப்புறம் கல்லில் இடித்த மாதிரி நின்றுவிட்டது.

கார் மாமியாரைத் தாண்டிப் போனது. ஆரத்தித் தட்டு எங்களோடு சேர்ந்து மெல்லத் திரும்பியதைக் கண்ணாடியில் பார்த்தேன். "அத்தை, இதோ வரோம்!" என்று கத்தினேன். எங்கே வருவது? இடது பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. வலது பக்கம் ஒரு சந்து வந்தது, அதற்குள் ஒடித்தேன், வெண்ணெய் மாதிரி திரும்பியது. அந்தச் சந்துக்குள் போய், மறுபடி வலது, மறுபடியும் வலது. பெரிய ரோட்டைக் குறுக்கே கடந்து நேரே எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். கற்பூரம் அணைந்துவிட்டிருந்தது.

"ஏம்மா, ஊடு தெரியலயா? இல்ல, உலா போற சாமியா நீங்க ரெண்டு பேரும்?" என்றார் மாமியார்.

பாய் வந்து காருக்கு அடியில் படுத்தார். எதையோ தட்டினார், இழுத்துப் பார்த்தார். பிறகு கார் குலுங்கியது. அடியில் படுத்தபடியே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எப்போதோ எதிலோ மோதி ஸ்டீரிங் கம்பி ஒன்று வளைந்து போயிருக்கிறது. லேசான வளைவுக்கு ஒத்துழைக்கும், இடது பக்கம் முக்குத் திரும்பாது. வெள்ளைக்காரரும் அந்தக் காரை மலை சுற்ற மட்டுமே எடுத்திருக்கிறார். அவருக்கும் தெரியாது.

"ஊர்ல வேற எங்கன்னா ஓட்டியிருந்தா மொத முக்குலயே தெரிஞ்சிருக்கும்," என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மலையச் சுத்துனா வலது, வலது, வலதுதான். நானும்தான் வந்தேன், கைய ஆட்டிக்கினே வந்தேன்!"

எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பௌதிக டீச்சரம்மா என்று பெயர், வண்டியை இடது பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல். ஆனால் பாய் சிரிக்கிற சிரிப்பில் கோபத்தைக் காப்பாற்ற முடியாது. மூன்று பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தக் கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்தினால் உடைந்துவிடும், மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டும் என்றார் பாய். தேடச் சொல்லி ஆள் வைத்தோம். அந்த ஆளுக்கு எப்போதும் அடுத்த வாரம்தான். இதற்கிடையில் மற்ற மேம்பாடுகள் அமோகமாக நடந்தன. பாட்டு ஹாரன் வந்தது, மஞ்சள் விளக்கு வந்தது, எனக்குச் சிவப்பு ரெக்ஸினில் கெட்டி மெத்தை வந்தது. சிவப்பா மஞ்சளா என்று முடிவாகாததால் பாய் பச்சையைச் சுரண்டிவிட்டுச் செம்மண் நிறத்தில் அடிப்பூச்சு மட்டும் பூசி வைத்தார். திரும்பத் தெரியாத காருக்கு இரட்டை ஹாரன் பாட்டு! நாங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பள்ளியிலிருந்து ஸ்டுடியோ, ஸ்டுடியோவிலிருந்து வீடு என்று வலது திருப்பங்களாலேயே ஊரைத் தைத்துக்கொண்டு திரிந்தோம். வீட்டு முனையைத் தாண்டும்போது ஒரு ஹாரன், சுற்றி வந்து நுழையும்போது ஒரு ஹாரன்.

மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. தெருவில் எல்லாரும் கேலி செய்கிறார்கள் என்றார். அப்போதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மணிலாக் கொட்டை வியாபாரம், கலகலப்பான குடும்பம். மாப்பிள்ளை மட்டும் வாயே திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டினார். இப்படி ஓர் ஊமைக்கோட்டானா என்று நாத்தனாருக்கு உள்ளூர உதறல். பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் அப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் வைத்துவிடுங்கள் என்றார். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"வாடகைக்கு எதுக்குங்க? நம்ம வூட்லயே இருக்கு!"

அவர்கள் போனதும் மாமியார் கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்க ரெண்டு பேரும். மாப்பிள்ள அந்த வண்டில வந்து மண்டபத்து வாசல்ல மரியாதையா எறங்கணும். எறங்கிட்டார்னா வண்டி இந்த வூட்ல இருக்கட்டும், நான் வாயே தெறக்க மாட்டேன். நடுத்தெருவுல மானம் போச்சுன்னா மறுநாளே காயலான் கடைக்குப் போய்டணும். போட்டா எடுத்து வெச்சு அழுங்க."

என் கணவரின் அம்மா சொன்னால் சொன்னதுதான். அந்தக் காரை இழப்பதை நினைத்தபோதுதான் அதை எவ்வளவு விரும்பினேன் என்று தெரிந்தது. அதில் உட்காரும் போது மட்டும் நான் யாருடைய மருமகளும் இல்லை, யாருடைய டீச்சரும் இல்லை. காற்றில் பூ பறக்கிற ஒருத்தி. அதைத் தகரமாக எடை போடுவதா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. மைத்துனர் என்ற முறையில் கணவர் மாலையோடு ஊர்வலத்தின் முன்னால் நடக்க வேண்டும். பாய்க்கோ முழங்கால். அப்படியென்றால் மாப்பிள்ளையை வைத்து ஓட்டப்போவது நான். திருவண்ணாமலையில் அதுவரை எந்தப் பெண்ணும் மாப்பிள்ளை அழைப்புக் கார் ஓட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாமியாரும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது?

கம்பிக்கான அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. கணவரும் நானும் ஊர்வலப் பாதையை நடந்து பார்த்தோம். பிள்ளையார் கோயிலிலிருந்து தெற்கே வந்தால் பெரிய தெருவின் முனை. அங்கே இடது பக்கம் திரும்பினால் சற்றுத் தள்ளி மண்டபம். எல்லா ஊர்வலமும் போகிற வழி அதுதான். இடது! அந்த முனையிலேயே இருவரும் நின்று யோசித்தோம். திரும்பாமல் தேரடித் தெருவில் நேரே போனால்? வலது, திருவூடல் தெரு. வலது, பே கோபுரத் தெரு. வலது, பெரிய தெரு. அதன் முடிவில் குறுக்கே கடந்தால் நேர் எதிரே மண்டபத்துத் தெரு. கோயிலை முழுசாக ஒரு சுற்று. சாமி புறப்பாடு போகிற அதே வழி!

கணவர் சம்பந்தியிடம் போய், நம் வீட்டு மாப்பிள்ளையைக் கோயிலை வலம் வரச் செய்துதான் அழைத்து வருவோம் என்றார், ஏதோ தலைமுறை வழக்கம் போல. அவர் உருகிவிட்டார். மேளக்காரர்களிடமும் சொன்னோம். நாதஸ்வரக்காரர் தலையாட்டினார்.

ஊர்வலத்தன்று கார் முழுக்கச் சாமந்தியும் மல்லிகையும். செம்மண் பூச்சு துளிகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை கோட்டும் தலைப்பாகையுமாக என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு. நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரெக்ஸின் மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேஸ் லைட்டுகள், மேளம், நாதஸ்வரம், கும்பல். முன்னால் மாலையோடு கணவர். வேடிக்கை பார்த்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். "பொம்பள ஓட்டுது பாருடா!" என்று ஒரு குரல் கேட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

பெரிய தெரு முனை வந்தது. நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி ராகத்தில் ஊறிப்போயிருந்தார். ஆயுசு முழுக்க ஊர்வலம் போன கால்கள் தானாக இடது பக்கம் திரும்பின. மேளம் திரும்பியது. கேஸ் லைட்டு திரும்பியது. சம்பந்தி வீட்டுக் கும்பல் மேளத்தின் பின்னால் திரும்பியது. என் கணவரை அந்தக் கும்பல் மாலையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. "நேரா! நேரா!" என்று அவர் கத்துவது தெரிந்தது, மேளத்தில் கேட்கவில்லை.

நான் நேரே போனேன். வேறு என்ன செய்வது? மாப்பிள்ளை அழைப்பு இடது பக்கம் போக, மாப்பிள்ளை தேரடித் தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

மேளச் சத்தம் பின்னால் தேய்ந்தது. திருவூடல் தெருவில் திரும்பினேன். போச்சு, எல்லாம் போச்சு, காயலான் கடைதான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு பூக்கடைக்காரர் ஜோடித்த வண்டியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் மாப்பிள்ளை மெல்லத் தொண்டையைக் கனைத்தார். அந்தக் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அக்கா, மேளம் எங்கக்கா?"

"அது மண்டபத்துக்குப் போயிடுச்சுங்க மாப்பிள்ள."

"நாம?"

"நாமளும் அங்கதாங்க போறோம். இந்த வண்டி இடது பக்கம் திரும்பாதுங்க."

அவர் ஸ்டீரிங்கை ஒரு முறை எட்டிப் பார்த்தார். மலை எங்கள் எதிரே கறுப்பாக நின்றது. பே கோபுரத் தெருவுக்குள் திரும்பினேன், ஆள் நடமாட்டம் கம்மி.

"அக்கா, இது வேகமாப் போகுமாக்கா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தலைப்பாகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். சாமந்திச் சரம் அறுந்து பின்னால் பறந்தது. ஊமைக்கோட்டான் என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர் வாய்விட்டு, பல்லெல்லாம் தெரிய, குழந்தை மாதிரி சிரித்தார். பெரிய தெருவில் அவரே கையை நீட்டிப் பாட்டு ஹாரனை அழுத்தினார். விடவேயில்லை.

மண்டபத்து வாசலில் மேளம் ஓய்ந்து ஒரே குழப்பம். மாலையோடு மைத்துனர் இருக்கிறார், மாப்பிள்ளை இல்லை. ஆரத்தித் தட்டோடு என் மாமியார் நின்றிருந்தார். மாடி ஜன்னலில் நாத்தனார். தெருக்கோடியிலிருந்து ஹாரன் பாட்டும் மஞ்சள் விளக்குமாக, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழியும் மாப்பிள்ளையோடு கார் வந்தது. மாமியாரின் காலடியில் பூப்போல நிறுத்தினேன். மாப்பிள்ளை இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் அப்பாவிடம், "சாமி போற வழியில வந்தம்பா" என்றார். மேலே ஜன்னலில் யாரோ கைதட்டினார்கள். யார் என்று பார்க்க வேண்டியதில்லை.

மாமியார் தட்டைச் சுற்றினார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் அவர் காயலான் கடை என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

கார் எங்களோடு இருந்தது. தினமும் சாயங்காலம் முனையைத் தாண்டி ஹாரன், சுற்றி வந்து நுழைந்ததும் ஹாரன். உள்ளே போனால் காபி சுடச்சுட இருக்கும். அது எப்படி என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

ஒரு வழியாகப் புதுப்பேட்டையிலிருந்து கம்பி வந்தது. பாய் பட்டறையில் மாட்டிவிட்டு, தெருவிலேயே இடதும் வலதுமாகத் திருப்பிக் காட்டினார். அன்று சாயங்காலம் கணவரும் நானும் பெரிய ரோட்டில் வந்தோம். முனையில் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். கார் சத்தமில்லாமல் எங்கள் தெருவுக்குள் திரும்பி வாசலில் நின்றது. இருவரும் வெற்றி வீரர்கள் போல உள்ளே நுழைந்தோம். மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் பால் பாத்திரம், அடுப்பு பற்றவைக்கவில்லை.

"இன்னாடா இது, மொத ஹாரனே கேக்கல, அதுக்குள்ள வந்துட்டீங்க? அதக் கேட்டுதான நான் பால அடுப்புல வெப்பேன்?"

"கார் சரியாயிடுச்சும்மா. நேரா வந்துட்டோம்," என்றார் கணவர்.

மாமியார் எங்களையும் பார்த்தார், வாசலில் நின்ற காரையும் பார்த்தார்.

"அப்ப போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

போனோம்.